எக்ஸ்ரே நார்மல், கழுத்து வலி நிற்கவில்லை: இன்சூரன்ஸ் செட்டில்மென்டுக்கு இப்போதே கையெழுத்துப் போடலாமா?

சிக்னலில் நின்றுகொண்டிருந்த உங்கள் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொண்டது, பின்னந்தலையில் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளாகியும் வலி குறையவில்லை. இதற்கிடையில் இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு ஒரு தொகையைச் சொல்லி, கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும் என்கிறார்கள். அந்தத் தொகை நியாயமானதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், கழுத்துக்கு காலர் போடலாமா என்று ஒரு வரி.

கேட்டது தொகையைப் பற்றித்தான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களை அரித்துக்கொண்டிருப்பது வேறு. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போது வலிக்கிறது என்று சொன்னால் நடிக்கிறேன் என்று நினைப்பார்களோ, அதற்குக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாமோ என்பதுதான் அது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்லப் போகிறேன். தொகைக்கான பதில் சின்னது: பத்தாம் நாளில் அது நியாயமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பெனிக்காரராலும் முடியாது. அவர் சொல்வது ஒரு ஊகம், அதுவும் அவர் பக்கத்துக்குச் சாதகமான ஊகம்.

நான் எலும்பு, மூட்டு மருத்துவர். விபத்தில் அடிபட்டவர்களை ரொம்ப வருஷமாகப் பார்த்துவருகிறேன். க்ளெய்ம்களுக்கு மருத்துவ அறிக்கை எழுதியிருக்கிறேன். சில சமயம் அடிபட்டவர் கேட்டு, சில சமயம் கம்பெனி கேட்டு. எனவே மேசையின் இரண்டு பக்கமும் என்ன பேசுவார்கள் என்று தெரியும். வக்கீல் இல்லை. சட்டம் வரும் இடங்களில் அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு முன்னால் ஒன்று. கையிலோ காலிலோ பலம் குறைகிறது, மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். தலைவலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய், வாந்தியும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தாலும் அப்படித்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் வயதானவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் ரத்தம் வாரக்கணக்கில் கழித்துக்கூட வெளியே தெரியலாம். இன்னொன்று அரிதானது, ஆனால் தவறவிடக் கூடாதது: கழுத்து வலியோடு புதிதாகத் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல். கழுத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். சீட் பெல்ட் பட்ட இடத்தில் வயிற்றில் கன்றிப்போய் வலியும் இருந்தால் அதையும் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. இருந்தாலும் எழுதும்போது யாருக்கும் எல்லாம் நினைவுக்கு வராது.

சரி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லாமல் எப்படி வலிக்கும்? பின்னாலிருந்து கார் மோதும்போது இருக்கையின் முதுகுச் சாய்வு உங்கள் உடம்பை முன்னால் தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கழுத்து இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அந்த ஒரு கணத்தில் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்பக்கமாக வளைய, மேல்பகுதி முன்பக்கமாக வளைய, மொத்தத்தில் பாம்பு நெளிவதுபோல ஒரு வடிவம் எடுக்கிறது. கழுத்து சாதாரணமாக ஒருபோதும் அப்படி வளைவதில்லை. எல்லாம் ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடிக்குள் நடந்துவிடுகிறது. தசைகள் விழித்துக்கொண்டு இறுகி முடிப்பதற்குள் அந்த நெளிவு முடிந்துபோயிருக்கும். இது ஊகமல்ல, தன்னார்வலர்களை உட்காரவைத்து மெதுவான மோதல்களை அதிவேகக் கேமராவிலும் எக்ஸ்ரே படத்திலும் பதிவுசெய்து பார்த்திருக்கிறார்கள்.

அந்த நெளிவில் கஷ்டப்படுவது எலும்பு இல்லை. முள்ளெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சின்னச் சின்ன ஃபேசட் மூட்டுகள், அவற்றைச் சுற்றியிருக்கும் உறை, தசைநார்கள், தசைகள். எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. எலும்பு முறியவில்லை, விலகவில்லை என்பதைத்தான் ‘நார்மல்’ சொல்கிறது. அது பெரிய ஆறுதல், அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை. விபத்துக்குப் பிறகு நாள்பட்ட கழுத்து வலி இருந்தவர்களை 1990-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஃபேசட் மூட்டுக்குப் போகும் நரம்பை ஊசியால் மரக்கச் செய்தார்கள். எந்த ஊசியில் என்ன மருந்து என்று நோயாளிக்குத் தெரியாது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. அவர்களுடைய எக்ஸ்ரேயைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க முடியாது.

வலி மறுநாள் வந்ததும் உங்களுக்கு எதிரான சாட்சி இல்லை. இந்தக் காயத்தில் வலி சில மணி நேரம் கழித்தோ, ஒன்றிரண்டு நாள் கழித்தோ வருவது வழக்கம். எந்த மோதலுக்கு எக்ஸ்ரே தேவையில்லை என்று முடிவுசெய்ய 2001-ல் வெளியான கனடா கழுத்து விதியிலேயே, வலி தாமதமாக ஆரம்பிப்பது எலும்பு முறிவு இல்லாததற்கான அடையாளங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவர்களுக்கு அவ்வளவு பழக்கமான விஷயம். ஆனால் மூன்று வாரம் ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு அப்புறம் முதல்முறையாக வலி வந்தால், விபத்தோடு முடிச்சுப் போடுவதற்கு நானே தயங்குவேன்.

அடுத்து எல்லோரும் கேட்பது: ‘அப்போ எம்ஆர்ஐ எடுத்து நிரூபித்துவிடலாமா?’ அவசரப்படாதீர்கள். நரம்பு அறிகுறி இல்லாதவருக்கு எம்ஆர்ஐ பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. காட்டினாலும் சிக்கல்தான். 2015-ல் ஜப்பானில் 1,211 பேரைப் படமெடுத்தார்கள். யாருக்கும் கழுத்தில் எந்தத் தொந்தரவும் கிடையாது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து டிஸ்க் பிதுங்கியிருந்தது. உங்களுக்கு 40 வயதுக்கு மேல் என்றால் உங்கள் படத்திலும் ஏதாவது இருக்கத்தான் செய்யும். அதை நீங்கள் ‘பாருங்கள், விபத்தில் டிஸ்க் போய்விட்டது’ என்பீர்கள். கம்பெனி ‘பாருங்கள், இது பழைய தேய்மானம்’ என்று சொல்லும். அந்தச் சண்டையில் பெரும்பாலும் அவர்கள் கை ஓங்கும். கையில் குத்தலோ மரப்போ பலக்குறைவோ இருந்தால் எம்ஆர்ஐ கட்டாயம் எடுக்க வேண்டியதுதான், அது சிகிச்சைக்காக. க்ளெய்முக்காக மட்டும் எடுக்காதீர்கள்.

படம் சாட்சி சொல்லாது என்றால் எது சொல்லும்? பரிசோதனை சொல்லும், அதை எழுதிவைத்த தேதி சொல்லும். 1995-ல் கனடாவின் கியூபெக் மாகாணப் பணிக்குழு இந்தக் காயத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்தது. இன்றுவரை அறிக்கைகளில் அதைத்தான் பயன்படுத்துகிறோம். வலியும் இறுக்கமும் மட்டும் இருந்து, பரிசோதனையில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் ஒன்றாம் தரம். கழுத்து திரும்பும் அளவு குறைந்திருந்தால், குறிப்பிட்ட இடத்தில் அழுத்தும்போது வலித்தால் இரண்டு. நரம்புக் கோளாறு தெரிந்தால் மூன்று. எலும்பு முறிவோ விலகலோ இருந்தால் நான்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒன்று அல்லது இரண்டாக இருக்கலாம். தொட்டுப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்லக் கூடாது.

உங்கள் கேஸ் ஷீட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் ‘விபத்து, கழுத்து வலி, எக்ஸ்ரே நார்மல், வலி மாத்திரை கொடுக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். கூட்டம் அப்படி, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருவர் உங்கள் க்ளெய்மை எடைபோடும்போது அந்த வரியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாக இப்படி இருந்தால்: ‘தலையை இடப்பக்கம் 70 பாகை வரை திருப்புகிறார், வலப்பக்கம் 40 பாகையில் வலியோடு நின்றுவிடுகிறது. ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளெலும்புகளுக்கு வலப்புறம் அழுத்தினால் வலி. இரு கைகளிலும் பலமும் உணர்வும் சரியாக உள்ளன, ரிஃப்ளெக்ஸ் இரு பக்கமும் சமம்.’ மூன்றே வரிகள்தான். இரண்டாம் தரக் காயம் என்பதற்கு இது ஆதாரம். மூன்று வாரத்தில் மறுபடி பார்க்கும்போது 40 பாகை 55 ஆகியிருந்தால், அது நீங்கள் தேறிவருவதற்கும் உண்மை பேசுவதற்கும் சேர்த்தே ஆதாரம். அடுத்த தடவை போகும்போது, ‘டாக்டர், எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து எழுதிக்கொடுங்கள்’ என்று கேளுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. விபத்து நடந்த தேதி, வலி ஆரம்பித்த நாள், இதற்கு முன் கழுத்து வலி இருந்ததா என்பது மூன்றும் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நர்ஸ் அவசரத்தில் ‘நேற்று விபத்து’ என்று எழுதிவிட்ட ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பல மாதம் இழுத்தடிப்பார்கள்.

வீட்டில் நீங்களும் ஒரு குறிப்பு எழுதுங்கள். ‘இன்று தாங்க முடியாத வலி’ என்று எழுதாதீர்கள். எல்லா நாளும் அப்படியே எழுதுவீர்கள், படிப்பவர் நம்ப மாட்டார். எதைச் செய்ய முடியவில்லை என்று எழுதுங்கள். காரை ரிவர்ஸ் எடுக்கத் தலையைத் திருப்ப முடியவில்லை. குனிந்து குழந்தையைத் தூக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் 20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. நன்றாக இருந்த நாளையும் எழுதுங்கள். மேலும் கீழுமாகப் போகும் குறிப்பைத்தான் நான் நம்புவேன். சுகமாகிவரும் கழுத்து அப்படித்தான் நடந்துகொள்ளும். வேலைக்குப் போகாத நாள்களுக்கு அலுவலகக் கடிதம், மருந்து ரசீது, பிசியோதெரபிக்குப் போய்வந்த செலவு, காரின் பின்பக்கப் படங்கள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். உங்கள் தலைசாய்ப்பான் எந்த உயரத்தில் இருந்தது என்று தெரிகிற ஒரு படமும் எடுத்துவையுங்கள், வண்டி இன்னும் பட்டறைக்குப் போகவில்லை என்றால்.

இனி அந்தக் கையெழுத்து. விபத்தைத் தெரிவிப்பது வேறு, தீர்த்துக்கொள்வது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தெரிவிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் சொந்தக் கம்பெனிக்கும் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள், தப்பு உங்கள் மேல் இல்லை என்றாலும். பெரும்பாலான பாலிசிகளில் அது நிபந்தனை. தீர்த்துக்கொள்வதுதான் காத்திருக்க வேண்டியது. அவர்கள் நீட்டும் படிவத்தில் ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்றோ, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்றோ, ‘தெரிந்த, தெரியாத எல்லாக் காயங்களுக்கும்’ என்றோ ஒரு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ‘தெரியாத’ என்ற சொல்லுக்குத்தான் அந்தப் பணம். பின்னால் கையில் மரப்பு வந்து ஊசி போட வேண்டிவந்தாலும் அந்தச் செலவு உங்களுடையது. கையெழுத்துப் போட்டபின் அதை உடைப்பது பெரும்பாலான நாடுகளில் குதிரைக்கொம்பு. கார் ரிப்பேர் செலவையும் உடம்புக்கு ஆன காயத்தையும் தனித்தனியாகத் தீர்க்கச் சொல்லிக் கேட்கலாம். வண்டிக்கான பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் காகிதத்தில் உடல் காயம் பற்றிய வரி ஒளிந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு.

எவ்வளவு நாள் காத்திருப்பது? இந்தக் காயத்தில் தேறுவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் நடந்துவிடுகிறது. அதற்கப்புறம் முன்னேற்றம் மந்தமாகிவிடும். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் ஏறத்தாழ பாதிப் பேர் கழுத்தில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள். பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி லேசான வலி, வேலையைக் கெடுக்காதது. யாருக்கு நீளும் என்பதைக் காட்டுபவை, முதல் வாரங்களில் வலி மிகக் கடுமையாக இருப்பது, அன்றாட வேலைகள் ரொம்பப் பாதிக்கப்பட்டிருப்பது, விபத்து திரும்பத் திரும்பக் கனவில் வருவது, ‘இனி சரியாகவே ஆகாது’ என்ற எண்ணம். மோதிய வேகம் அவ்வளவாகக் காட்டுவதில்லை என்பது எனக்கே முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆகவே மூன்று மாதத்துக்கு முன்னால் எந்தத் தொகைக்கும் சரி சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. சிகிச்சை தருபவர் ‘இனி பெரிய மாற்றம் இருக்காது’ என்று எழுத்தில் சொன்ன பிறகு பேசுவது இன்னும் நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018-ல் இயற்றி 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், மருத்துவ அறிக்கை இல்லாமல் விப்லாஷ் காயத்துக்கு, அதாவது இப்படிக் கழுத்து நெளிந்து வரும் காயத்துக்கு, செட்டில்மென்ட் பேசுவதையே தடை செய்கிறது. அங்கே இழப்பீடும் வலி எத்தனை மாதம் நீடித்தது என்பதை வைத்துத்தான். அவசரச் செட்டில்மென்ட் எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தால் ஒரு நாடு அதற்குச் சட்டம் போடும் என்று யோசித்துப் பாருங்கள்.

காத்திருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருஷம். இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப்போட ஆறு மாதம் என்று ஆக்கினார்கள், அது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்தில் 1974-லிருந்து யார் தப்பு என்ற பேச்சே இல்லாமல் அரசுத் திட்டமே செலவை ஏற்கிறது, இடித்தவர் மேல் காயத்துக்காக வழக்குப்போடும் வழி பெரும்பாலும் கிடையாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரமே ஒரு வக்கீலிடம் ‘என் கடைசித் தேதி எது?’ என்று அந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகள் சிரித்துப் பேசியே அந்தத் தேதியைத் தாண்டவைக்கும்.

அவர்கள் உங்களைத் தங்கள் மருத்துவரிடம் அனுப்பலாம். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: பரிசோதனை, மேசை மேல் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். தோள்பையை எப்படிக் கழற்றுகிறீர்கள், சட்டையைத் தலைக்கு மேலாக இழுக்கிறீர்களா, பக்கத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்புகிறீர்களா அல்லது உடம்போடு திரும்புகிறீர்களா என்று பார்ப்போம். நிஜமாக வலிப்பவர்கள் இதில் மாட்டுவதில்லை. மாட்டுபவர்கள், நம்ப மாட்டார்களோ என்ற பயத்தில் இருக்கிற வலியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுபவர்கள். 40 பாகை திரும்புகிற கழுத்தை 10 பாகைதான் திரும்பும் என்று காட்டிவிட்டு, போகும்போது சாதாரணமாகத் திரும்பி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அறிக்கையில் யாரும் நம்புவதில்லை. நீங்கள் அங்கே செய்ய வேண்டியது, கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்வது. பழைய கழுத்து வலி இருந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், அடிபட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பழைய கொள்கை. பழைய தேய்மானம் இருப்பது உங்கள் க்ளெய்மைக் கொல்லாது. அதை மறைத்தது தெரிந்தால் கொன்றுவிடும். இந்த நாள்களில் சமூக வலைதளத்தில் படம் போடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்; கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு படத்தில் அதற்குப் பின்னால் சாப்பிட்ட இரண்டு மாத்திரை தெரியாது.

இனி எனக்கே தெளிவில்லாத இடங்கள், ஏனென்றால் கம்பெனிக்காரர் இவற்றைத்தான் உங்கள்மேல் வீசுவார். முதலாவது, ‘வண்டிக்கே பெரிய சேதமில்லை, உங்களுக்கு எப்படி அடிபடும்?’ என்பது. தன்னார்வலர் சோதனைகளில் மணிக்கு 4, 8 கிலோமீட்டர் என்ற மிகச் சின்ன வேக மாற்றத்திலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கழுத்து வலியோ தலைவலியோ வந்தது. எனவே ‘வரவே வராது’ என்பது தவறு. அதே சோதனைகளில் அந்த வலி சீக்கிரமே போய்விட்டது. மெதுவான மோதலில் ஒருவருக்கு ஏன் மாதக்கணக்கில் வலிக்கிறது, இன்னொருவருக்கு ஏன் இல்லை என்பதற்கு யாரிடமும் முழு விடை கிடையாது. பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் வருகிறது என்பது பல நாடுகளிலும் தெரிந்த விஷயம். இருக்கைகளைச் சோதிக்கும் பொம்மை காலகாலமாக ஆண் உடம்பின் அளவில்தான் இருந்தது. பின்பக்க மோதலுக்காகச் சராசரிப் பெண் உடம்பின் அளவில் ஒன்றைச் செய்தது ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டரின் குழு, அதுவும் மிகச் சமீபத்தில்தான்.

இரண்டாவது, ‘இழப்பீடு இருப்பதால்தான் வலி இருக்கிறது’ என்பது. இதற்கு இரண்டு ஆய்வுகளைக் காட்டுவார்கள். 1996-ல் லிதுவேனியாவில், ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு முன் பின்பக்க மோதலில் சிக்கிய 202 பேரை, விபத்தே நடக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். நாள்பட்ட வலியில் இரு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. அங்கே அப்போது இழப்பீட்டுப் பழக்கமே இல்லை. கேட்க வலுவாக இருக்கிறது. ஆனால் அந்த 202 பேரில் விபத்து நடந்தபோது கழுத்து வலி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவ்வளவு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது என்ற எதிர்ப்பும் அப்போதே வந்தது. மற்றது கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில். 1995 தொடக்கத்தில் அங்கே வலி, வேதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப்போடும் முறையை எடுத்துவிட்டார்கள். க்ளெய்ம்கள் 28 சதவீதம் குறைந்தன, ஒரு க்ளெய்ம் முடிய ஆகும் நாள்கள் நடுத்தர அளவில் 433-லிருந்து 200-க்குப் பக்கம் இறங்கின. க்ளெய்ம் முடிவதும் கழுத்து குணமாவதும் ஒன்றா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டு என் அனுபவத்தில் நான் நினைப்பது, பணத்துக்காக வலியை உண்டாக்குகிறவர்கள் கொஞ்சம் பேர், வழக்கின் இழுபறியே வலியைக் கூட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் ‘எனக்கு வலிக்கிறது’ என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய மனிதருக்கு வலியை மறக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. இதை நிரூபிக்க என்னிடம் ஆய்வு இல்லை.

கம்பெனிக்காரர் மறுபடி கூப்பிட்டால் சண்டை போட வேண்டாம். ‘சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தவுடன் அறிக்கையோடு பேசுகிறேன். இனி எதுவானாலும் மெயிலில் அனுப்புங்கள்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். பேச்சைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். உங்கள் சொந்தக் கம்பெனி என்றால் மட்டும் ஒத்துழைக்க வேண்டிய கடமை பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘எப்படி இருக்கீங்க?’ என்பதற்கு வாய் தவறி ‘நல்லா இருக்கேன்’ என்று வந்துவிடும், நமக்கெல்லாம் அது பழக்கம். அதுவும் அவர்கள் குறிப்பில் ஏறும். மருத்துவப் பதிவுகளைப் பார்க்க அனுமதி கேட்டுப் படிவம் அனுப்பினால், விபத்துக்குப் பிந்தைய பதிவுகளுக்கும் கழுத்து சம்பந்தப்பட்ட பழைய பதிவுகளுக்கும் மட்டும் என்று சுருக்கித் தர முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்கும் படிவங்களைப் பார்த்திருக்கிறேன்.

காலர் விஷயம். எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்துவிட்டதால் வேண்டாம். முன்பு நாங்களே வாரக்கணக்கில் போடச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டு கழுத்தை அசைத்தவர்களைவிட காலர் போட்டவர்கள் சீக்கிரம் தேறவில்லை. காலர் போட்டால் க்ளெய்முக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதையும் காதில் வாங்காதீர்கள். ஒரு நாளில் சில தடவை, வலி சற்றே தொடங்கும் வரை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள், தாடையை உள்ளே இழுத்து விடுங்கள், தோள்களைச் சுழற்றுங்கள். அசைக்கும்போது கொஞ்சம் வலிப்பதால் காயம் பெரிதாகிவிடாது. வலி மாத்திரையை உங்கள் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்டுவிட்டு அசைப்பது, சாப்பிடாமல் அசையாமல் படுத்திருப்பதைவிட நல்லது. இரண்டு வாரத்தில் திரும்பும் அளவு கூடவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். ஆறு வாரத்திலும் அப்படியே இருந்தால், அல்லது கார் ஓட்டவே பயமாக இருந்து தூக்கம் கெடுகிறது என்றால், அதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லி எழுதவைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்த விபத்தின் காயம்தான், சிகிச்சையும் உண்டு.